இரண்டு மணி பத்து நிமிடம்

"ஐயா, எங்க பாஸ்கிட்ட ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. முன்னாடியே சொல்லிடறேன். பொய் காதுல விழுந்தா அவருக்குக் கொட்டாவி வந்துடும். மரியாதை தெரியாத ஆளுன்னு தப்பா நினைச்சுக்காதீங்க."

கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் சிரிக்கவில்லை. "தெரியும்மா. அதைக் கேள்விப்பட்டுத்தான் உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன்," என்றார்.

பட்டாணிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இந்த ஒரு நகைச்சுவையை வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வந்த நாளிலிருந்து எல்லா வாடிக்கையாளர்களின் முகத்தையும் அவள் இளக வைத்துக்கொண்டிருந்தாள். குள்ளமான உருவம், உருண்டை முகம், ஓரிடத்தில் நில்லாமல் உருண்டுகொண்டே இருக்கும் சுபாவம். அதனால் பட்டாணி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய பாஸுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் கொட்டாவி. துப்பறியும் தொழிலில் இருப்பவர்கள் புலி என்றோ கழுகு என்றோ பெயர் வாங்க ஆசைப்படுவார்கள். பாவம், இவருக்கு வாய்த்தது இது. ஆனால் அந்தக் கொட்டாவிக்குப் பயந்து வக்கீல்களே அவர் எதிரில் வாயைத் திறக்க யோசிப்பார்கள். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. வருடக்கணக்காகப் பொய்யையே கேட்டுக் கேட்டு மனுஷனுக்கு அலுத்துப் போய்விட்டது. பொய் என்று தெரிந்ததும் வாய் தானாகப் பிளந்துவிடும்.

"சொல்லுங்க ஐயா," என்றார் பாஸ்.

பெரியவர் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது ஆஸ்பத்திரியின் ஆறாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் ஒன்று பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது, எந்த நேரமும் வெடிக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இன்று மாலை நான்கு மணிக்கு ஆபரேஷன். பெரியவர் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் கத்தியைத் தொடுவார்கள். அவரோ போட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"என் பையன் வரணும். அவன் முகத்தைப் பார்த்துட்டு உள்ளே போறேன். அதுக்கப்புறம் வெட்டட்டும், தைக்கட்டும், என்ன வேணா பண்ணட்டும்."

"பையன் எங்கே இருக்கார்?"

"வடக்கே, ஒரு கல் குவாரில. போய் மூணு வருஷம் ஆச்சு. தூரம் ஒண்ணும் பெரிசில்ல தம்பி. விமானத்துல ரெண்டு மணி பத்து நிமிஷம். அவனே எழுதியிருக்கான். எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் மேல போனவன், கீழ வந்தவன். பக்கவாட்டுல எங்கேயும் போனதில்ல." பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "கிளம்பறேன்னு எழுதி நாலு நாள் ஆச்சு. நாலு நாள்ல எத்தனை ரெண்டு மணி பத்து நிமிஷம் இருக்கு? நீங்களே சொல்லுங்க. அவன் எந்த விமானத்துல ஏறினான், ஏன் இன்னும் வரல, அதை எனக்குக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"அண்ணன் வந்துடுவான்ப்பா." ஜன்னலருகே நின்றிருந்த மகள் சொன்னாள். தூக்கமில்லாத கண்கள், கையில் இரண்டு நாளாக மாற்றாத துண்டு. "விமானம் ஏதாவது தாமதமா இருக்கும்."

பாஸ் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகம் பட்டாணிக்குத் தெரியவில்லை. தோள்கள் மட்டும் மெதுவாக ஏறி இறங்கின.

அது போதும். நான்கு வருடம் கூடவே குப்பை கொட்டியவளுக்கு அந்தத் தோள்களின் பாஷை தெரியாதா என்ன. நல்லவேளை, பெரியவர் அதைப் பார்க்கவில்லை. அவர் கட்டிலருகே இருந்த போட்டோவை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான இளைஞன் ஒருவன் படகின் கம்பியைப் பிடித்தபடி, கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கலங்கிய தண்ணீர் கரை தெரியாமல் கிடந்தது.

"வேலைக்குப் போன புதுசுல அனுப்பினான். லீவு நாள்ல சுத்திப் பார்க்கப் போயிருப்பான் போல. சந்தோஷமா இருக்கான் பாருங்க."

பாஸ் போட்டோவைப் பார்த்தார். பிறகு பெரியவரின் கைப்பேசியை வாங்கி, மகன் அனுப்பியிருந்த செய்திகளைப் படித்தார். பட்டாணி எட்டி எட்டிப் பார்த்தாள்.

'அப்பா, இங்கே எல்லாம் நலம். விமானத்தில் வெறும் இரண்டு மணி பத்து நிமிடம்தான். நீங்கள் கூப்பிட்டால் உடனே வந்துவிடுவேன். உங்கள் பொறுமைக்கு நன்றி.'

"பெத்த அப்பாவோட பொறுமைக்கு நன்றி சொல்ற பையனை இப்பதான் பார்க்கறேன்," என்றாள் பட்டாணி. "எங்க வீட்டுல போனை வைக்கும்போது 'சரி, வை'ன்னு சொன்னாலே அது பாசம்."

பெரியவர் முதல் தடவையாகச் சிரித்தார். "அவன் இங்க இருக்கும்போது இப்படி இல்லம்மா. ஊர் விட்டு ஊர் போய் பெரிய மனுஷன் ஆயிட்டான்."

மகள் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"பாப்பா எங்கே வேலை பார்க்கறாங்க?" என்று பாஸ் கேட்டார், ஏதோ பேச்சுக்குக் கேட்பது போல.

"பொருள் விக்கிற கம்பெனில, கம்ப்யூட்டர்ல பேசற வேலை. இந்தத் தெரு முனையில இருக்கே, கண்ணாடிக் கட்டிடம், அங்கதான்," என்றார் பெரியவர் பெருமையாக.

*

டிக்கெட் போடும் கடை ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சாரியிலேயே இருந்தது. கடைக்காரம்மாவுக்குக் காதில் ஒரு போன், கையில் ஒரு போன், கொண்டையில் ஒரு பேனா. பாஸ் ஊர்ப் பெயரைச் சொன்னதும் இரண்டு போனையும் கீழே வைத்துவிட்டார்.

"அந்த ஊருக்கு விமானத்துலயா? கடை திறந்த நாள்லேர்ந்து இதை யாரும் என்கிட்ட கேட்டதில்லை. அங்க விமான நிலையமே கிடையாதுங்க."

"இணையத்துல இருக்கே," என்று பட்டாணி தன் கைப்பேசியை நீட்டினாள். ஒரு பக்கம் அவர்கள் இருக்கும் ஊர், மறுபக்கம் அந்த ஊர். நடுவே வில்லாக வளைந்த நீலக்கோடு, அதன் மேல் ஒரு குட்டி விமானம். கீழே கொட்டை எழுத்தில் தூரமும் நேரமும். பறக்கும் நேரம் இரண்டு மணி பத்து நிமிடம்.

கடைக்காரம்மா மூக்கைச் சுருக்கினார். "அது கணக்குப் போடற பக்கம். நீங்க எந்த ரெண்டு ஊரைக் குடுத்தாலும் நடுவுல ஒரு கோடு கிழிக்கும். அந்தத் தூரத்தை விமானத்தோட வேகத்தால வகுக்கும். விடையைச் சொல்லும். அங்க விமானம் போகுதா, இறங்க இடம் இருக்கா, அதெல்லாம் அதுக்குத் தேவையில்லாத விஷயம். எங்க மாமியார் ஊரையும் அம்மா ஊரையும் குடுத்துப் பார்த்தேன். ஒன்பது நிமிஷம்னு வந்துச்சு. நான் போய்ச் சேர எட்டு வருஷம் ஆச்சு."

பட்டாணிக்கு அந்த அம்மாளை உடனே பிடித்துப்போனது. தொழிலில் தனக்குப் போட்டியாக ஒருத்தி இருக்கிறாள்.

"நிஜமாப் போறதுன்னா எப்படிப் போகணும்?" என்றார் பாஸ்.

"இங்கேர்ந்து ஒரு ராத்திரி ரயில். இறங்கி, காத்துக் கிடந்து, இன்னொரு ரயில். அந்தத் தண்டவாளம் முடியற இடத்துல ஆறு குறுக்கே வந்துடும். பாலம் கிடையாது, படகுதான். காத்து பலமா அடிச்சா படகும் கிடையாது. அக்கரைக்குப் போனா குவாரி லாரி எது கிடைக்குதோ அதுல தொத்திக்கணும். எல்லாம் கூடி வந்தா மூணு நாள். கூடி வரலைன்னா அவங்கவங்க தலையெழுத்து."

வெளியே வந்ததும் பட்டாணி கைகளைத் தட்டி உதறினாள். "கதை முடிஞ்சது பாஸ். பையன் அந்த ஊருக்குப் போகவே இல்லை. இங்கேயே ஏதோ ஒரு சந்துல குடித்தனம் பண்ணிக்கிட்டு அப்பாவுக்கு விமானம் விட்டிருக்கான்."

"போயிருக்கான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"கட்டில் பக்கத்துல போட்டோ பார்த்தியா?"

"பார்த்தேன். படகுல நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு..." பட்டாணியின் வாய் பாதியில் நின்றது.

"சுத்திப் பார்க்கப் போன படகு இல்ல அது. ஆத்தைத் தாண்டற படகு. பையன் அதுல நிக்கறான். அப்படின்னா போயிருக்கான். ரயில் மாறி, படகு ஏறி, லாரில தொத்திப் போனவன் எவனாவது விமானத்துல ரெண்டு மணி பத்து நிமிஷம்னு எழுதுவானா?" பாஸ் சாலையைக் கடந்தபடியே சொன்னார். "போனவன் எழுதலை, பட்டாணி. எழுதினவங்க போகலை."

*

மகள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கட்டிடத்தில் சத்தமே இல்லை. நீண்ட மேசைகளில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் திரையிலும் நான்கு ஜன்னல்கள் திறந்திருந்தன. அதில் நான்கு வாடிக்கையாளர்கள் நான்கு விதமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் ஒரு சாதுவான ஆள். கைப்பிடி உடைந்த கோப்பையில் டீ குடித்துக்கொண்டே விளக்கினார்.

"ஒருத்தருக்கு நாலு ஜன்னல், நாலு பேர். பொண்ணு ஆம்பளை பேர்ல பேசும், ஆம்பளை பொண்ணு பேர்ல பேசுவான். உடைஞ்ச பொருளுக்கு ஒருத்தர், வராத பொருளுக்கு ஒருத்தர். நீங்க விசாரிக்கிற பொண்ணு இருக்கே, தங்கமான பொண்ணு. கத்திக்கிட்டே வர்றவன்கூட அதுகிட்ட பேசினா அமைதியாயிடுவான். எங்கேயோ கிடக்கிற பொருளை, இதோ பக்கத்துத் தெருவுல வந்துட்டிருக்குன்னு நம்ப வச்சுடும்."

பட்டாணி அவரைக் கவனிக்கவில்லை. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த வாக்கியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'சிரமத்திற்கு வருந்துகிறோம்.' 'விரைவில் வந்து சேரும்.' கடைசியாக, சிவப்பில்: 'உங்கள் பொறுமைக்கு நன்றி.'

"அதைச் சொல்லாம ஜன்னலை மூடினா எங்களுக்கு மார்க் போயிடும்," என்றார் மேற்பார்வையாளர். "கை தானா தட்டிடும். போன வாரம் வீட்டுல சண்டை. கடைசில என் மனைவிகிட்ட 'வேறு ஏதேனும் உதவி தேவையா'ன்னு கேட்டுட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

வேறு நாளாக இருந்தால் பட்டாணி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. தெருவில் இறங்கி ஆஸ்பத்திரி வாசல் வரை வாயைத் திறக்காமல் நடந்தாள். பாஸ் இரண்டு முறை அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பாஸ், அண்ணன் பேர்ல தங்கச்சி எழுதறாங்கன்னா," என்று கடைசியில் ஆரம்பித்தாள், "அண்ணன் ஏன் எழுதலை?"

இரண்டு பேருக்கும் மனதில் ஓடியது ஒரே எண்ணம்தான். அதை வாய்விட்டுச் சொல்ல இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

*

மகள் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே, படிக்கட்டு திரும்பும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கைப்பேசி, கையில் ஒரு பழைய கைப்பேசி.

"அந்தப் பழைய போன்ல இப்ப என்ன எழுதப் போறீங்க?" என்றார் பாஸ்.

அவள் மறுக்கவில்லை. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி போனைப் படியில் வைத்தாள்.

"உங்க அண்ணன் உயிரோட இருக்காரா?" என்றாள் பட்டாணி.

"இருக்கான்."

பட்டாணி திரும்பி பாஸின் வாயைப் பார்த்தாள். மூடியே இருந்தது. பட்டாணி மகளின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"குவாரில சிக்னல் கிடையாதுங்க," என்றாள் மகள். "மலையை விட்டு இறங்கினாத்தான் பேச முடியும். வருஷத்துக்கு ரெண்டு தடவை கூப்பிடுவான், நல்லா இருக்கேன்னு சொல்றதுக்குள்ள லைன் போயிடும். அப்பா தினமும் கேட்பார், எழுதினானா, எழுதினானான்னு. சாப்பாடு இறங்கலை. சரின்னு ஒரு நம்பர் வாங்கி, அண்ணன் புது நம்பர், இதுல பேச முடியாது, எழுதத்தான் முடியும்னு சொல்லி நானே எழுத ஆரம்பிச்சேன். எனக்கு அது கஷ்டமா இல்ல. நாள் முழுக்க அதைத்தானே பண்றேன். அப்புறம் ஒருநாள், எவ்வளவு தூரத்துல இருக்கேன்னு அப்பா கேட்டு எழுதினார். மூணு நாள் வழின்னு எப்படிங்க சொல்றது? இணையத்துல தேடினேன். அந்த நீலக்கோடு வந்துச்சு. பார்த்ததும் எனக்கே அண்ணன் பக்கத்துல இருக்கற மாதிரி இருந்துச்சு. அதையே எழுதிட்டேன். அன்னிக்கு அப்பா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினார்."

"இப்ப அண்ணன் எங்கே?"

"அப்பா படுத்த அன்னிக்கே குவாரி ஆபீசுக்குத் தகவல் சொன்னேன். மலைக்கு ஆள் போய்ச் சொல்ல ரெண்டு நாள் ஆயிடுச்சு. நேத்து மேஸ்திரி கூப்பிட்டார். கேட்டதும் போட்டது போட்டபடி கிளம்பிட்டானாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கறானாம். காத்து அடிக்குதாம். படகு விடலையாம்."

கீழ்த்தளத்தில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"அப்பாகிட்ட இதையே சொல்லிடலாமே," என்றாள் பட்டாணி. "உண்மைதானே."

"யார் சொன்னா நம்புவார்? அத்தனையும் நான் எழுதினதுன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம், அவன் செத்துட்டான், நான் மறைச்சிருக்கேன்னுதான் நினைப்பார். நீங்களே அப்படித்தானே நினைச்சீங்க. மூணு வருஷம் புளுகினவ இப்ப உயிரோட இருக்கான்னு சொன்னா எந்த அப்பா நம்புவார்?" அவள் பாஸைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க சார். விமானத்துல ஏறிட்டான்னு சொல்லுங்க. ரெண்டு மணி பத்து நிமிஷத்துல வந்துடுவான்னு சொல்லுங்க. உங்க வார்த்தைக்குக் கட்டுப்பட்டு அப்பா கையெழுத்துப் போட்டுடுவார். பிழைச்சு எழுந்து வந்தா நான் கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லிக்கறேன்."

எழுந்து வராவிட்டால் என்ன என்பதை அவள் சொல்லவில்லை. பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

பாஸ் பொய்யைப் பிடிப்பதற்காகவே பிறந்தவர் மாதிரி வாழ்ந்த மனுஷன். வாடிக்கையாளரிடம் இன்றுவரை ஒரு பொய் சொன்னது கிடையாது. ஆனால் ஆற்றின் காற்றை நிறுத்த அவரால் முடியுமா? ரத்தக்குழாயைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல முடியுமா? மேலே இருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "டாக்டர் வந்துட்டாங்க, இப்ப கையெழுத்துப் போடலைன்னா தியேட்டரை வேற கேஸுக்குக் குடுத்துடுவாங்க," என்று குரல் கொடுத்தாள்.

"சரி," என்றார் பாஸ். "நான் சொல்றேன்."

படியேறும்போது பட்டாணிக்கு என்னவோ உறுத்தியது. எதையோ மறந்துவிட்டுக் கிளம்பியது மாதிரி இருந்தது. என்ன என்றுதான் பிடிபடவில்லை.

*

டாக்டரம்மா வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரின் மடியில் நர்ஸ் காகிதத்தை வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்திருந்தாள். அவர் காகிதத்தைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சீங்களா தம்பி?"

"கண்டுபிடிச்சோம் ஐயா."

பெரியவரின் முகம் மலர்ந்தது. அப்போதுதான் பட்டாணிக்கு உறுத்தல் என்ன என்று உறைத்தது. உறைத்து என்ன பிரயோஜனம், பாஸ் பேச ஆரம்பித்துவிட்டார்.

"உங்க பையன் விமானத்துல ஏறிட்டார். இன்னும் ரெண்டு மணி பத்து நிமிஷத்துல..."

அந்த இடத்தில் அவர் குரல் இழுத்தது. தாடையை இறுக்கினார். மூக்கு விடைத்தது, கண்ணில் தண்ணீர் கோத்தது. கையைக் கொண்டுபோய் வாயை மறைக்கப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. காதுக்குக் காது வாய் பிளந்து, தொண்டைவரை தெரிய ஒரு கொட்டாவி வந்து, நின்று, நிதானமாக முடிந்தது.

பெரியவர் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தார்.

"செத்துட்டானா?" என்று கேட்டார். எந்த மாடி என்று கேட்பது போல அவ்வளவு மெதுவாகக் கேட்டார்.

"இல்லப்பா. சத்தியமா இல்லப்பா."

"நீ பேசாதே."

மகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பட்டாணிக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. காலையில் அந்தக் கொட்டாவிப் பெருமையை அவள் பேசாமல் இருந்திருந்தால்கூட பெரியவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கும். அதற்காகத்தான் கூப்பிட்டார். ஆனால் படிக்கட்டிலேயே அதை நினைத்துப் பார்த்திருக்கலாமே. இரண்டு பேர் இருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லையே. பாஸ் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். இப்படி ஒரு முகத்தை அவரிடம் அவள் பார்த்ததே இல்லை.

"நீ சொல்லும்மா," என்றார் பெரியவர்.

"நானா?"

"நீதான். நீ சொல்லு. நான் அவர் வாயைப் பார்த்துக்கறேன். தம்பி, கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க."

பாஸ் நிமிர்ந்தார். ஊர் வம்பெல்லாம் பேசத் தெரிந்த பட்டாணியின் வாய்க்கு ஒரு வாக்கியம் சேர்க்கத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"உங்க பையன் உயிரோட இருக்கார்."

பெரியவர் அவளைப் பார்க்கவேயில்லை. பாஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மூடியிருந்தது.

"அந்த ஊருக்கு விமானம் கிடையாது. ரெண்டு ரயில், ஒரு படகு, ஒரு லாரி."

வாய் திறக்கவில்லை.

"போன்ல வந்ததெல்லாம் உங்க பொண்ணு எழுதினது. உங்களுக்குச் சாப்பாடு இறங்கணும்னு எழுதினாங்க."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு கேட்டதும் அவர் கிளம்பிட்டார். நேத்து ஆத்துக்கு அந்தக் கரையில நின்னுட்டிருந்தார். அங்க காத்து அடிக்குது. படகு எப்ப விடுவாங்கன்னு தெரியாது. வந்து சேர மூணு நாள் ஆகும் ஐயா. அதுக்கு மேலயும் ஆகலாம்."

பாஸ் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. உதடுகள் ஒட்டியபடி இருந்தன. பெரியவர் அந்த உதடுகளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, கட்டிலருகே இருந்த போட்டோவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"அப்ப இது சுத்திப் பார்க்கப் போனது இல்லையா?"

"இல்லப்பா," என்றாள் மகள்.

"இவ்வளவு தண்ணியைத் தாண்டியா போனான்?"

அவர் போட்டோவை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மணி பத்து நிமிஷம்னா அவன் வந்துடணும். நான் காத்துக்கிட்டு இருந்தா போதும்," என்றார். "மூணு நாள்னா நான்ல இருக்கணும் அவனுக்கு."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து காகிதத்தை விட்டு வெளியே போய்விட்டது. நர்ஸ் அது பரவாயில்லை என்றாள்.

தள்ளுவண்டியில் மாற்றிப் படுக்க வைக்கும்போது அவர் மகளைக் கிட்டே கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்றுதான் பட்டாணி நினைத்தாள். மகளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

"உங்கள் பொறுமைக்கு நன்றின்னு ஒவ்வொரு தடவையும் எழுதுவே. நான் அவன்தான் திருந்திட்டான்னு நினைச்சேன்," என்றார் பெரியவர். அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ஆபரேஷன் தியேட்டர் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்டுக்குள் வண்டியைத் தள்ளியதும் நர்ஸ் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள். "நான் அழுத்தறேன்மா," என்று படுத்தபடியே எட்டி அவர் அழுத்தினார். கதவுகள் மூடிக்கொண்டன. மேலே இருந்த சிவப்பு எண் ஐந்தாகி, நான்காகி, மூன்றாகி, இரண்டில் போய் நின்றது.

*

வராந்தாவில் மூன்று நாற்காலிகள் இருந்தன. மகளும் பட்டாணியும் உட்கார்ந்தார்கள். பாஸ் நின்றார். வந்த வேலை முடிந்துவிட்டது. பையன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார்கள், கண்டுபிடித்தாகிவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் பட்டாணி டீ கேட்பாள். பாஸ் தன் தொப்பியைத் தேடுவார். இன்று இருவரும் நகரவில்லை.

மகள் மேஸ்திரியின் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். கீழே ஒரு கதவுக்குப் பின்னால் ஒருவரை அறுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஓர் ஆற்றங்கரையில் ஒருவன் காற்று நிற்பதற்காக நின்றுகொண்டிருந்தான். இரண்டுக்கும் இவர்களால் செய்யக்கூடியது ஒரு மண்ணும் இல்லை.

செய்ய ஒன்றும் இல்லாமல் பட்டாணி கைப்பேசியை எடுத்தாள். அந்தப் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே நீலக்கோடு, அதன் மேல் குட்டி விமானம். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். இரண்டு மணி பத்து நிமிடம் என்றே காட்டியது.

"அக்கா," என்றாள் மகள். பட்டாணியைவிட அவள் இரண்டு மூன்று வயது பெரியவளாகவே இருப்பாள். இருந்தும் அப்படித்தான் கூப்பிட்டாள். "அண்ணன் வர்ற வரைக்கும் அப்பா இருப்பார் இல்ல?"

"இருப்பார்," என்றாள் பட்டாணி. "கண்டிப்பா இருப்பார்."

சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி பாஸைப் பார்த்தார்கள். அவர் அதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். கைகளை எப்படிக் கழுவ வேண்டும் என்று அங்கே ஒட்டியிருந்த படத்தை ஒவ்வொரு வரியாகப் படிப்பது போல நின்றார். அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்தத் தோள்கள் ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கப் பட்டாணிக்குத் தைரியம் வரவில்லை. தலையைக் குனிந்து, கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.